சி மொழியில் எல்லை தாண்டிப் படிக்கும் பிழை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி மொழிக் கோடை, அதாவது நிரலை, திருத்த உட்காருகிறவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் 2014இல் வெளிவந்த ஹார்ட்ப்ளீட் பிழையையே எடுத்துக்கொண்டேன். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்த பிழை அது. அந்தக் கோடு யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடைக்கிறது, பிழை சின்னது, நாலு வரியில் விளங்கிவிடும்.

எல்லை தாண்டிப் படிக்கிறதுன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

10 இடம் உள்ள அரேயில் (மதிப்புகளின் வரிசை) இன்டெக்ஸ், அதாவது இட எண், 0 முதல் 9 வரைதான் உங்களுடையது. 10ஆவது இன்டெக்ஸைப் படித்தால் அது எல்லை தாண்டியது. -1ஐப் படித்தாலும் அப்படியே. சி மொழி அதைத் தடுக்காது. அரேயின் நீளத்தை ஓடும் நேரத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை. அந்த முகவரியில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடும்.

பாயின்டராக (மெமரி முகவரியை மட்டும் வைத்திருக்கும் மாறி) வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு ஃபங்ஷனுக்குள் அரேயை அனுப்பினால் போய்ச் சேர்வது தொடக்க முகவரி மட்டும்தான். நீளத்தை நீங்கள் தனியாக அனுப்ப வேண்டும். உள்ளே போய் சைஸ்ஆஃப் போட்டால் பாயின்டரின் அளவு, அதாவது 64 பிட் கணினியில் 8, வரும். புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

எழுதலையே, படிக்கத்தானே செய்யுது. இதுல என்ன பெரிய ஆபத்து?

மூன்று விதமாக அடிக்கும். முதலாவது, படித்த முகவரி உங்கள் ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) ஒதுக்கப்படாத மெமரிப் பக்கத்தில் இருந்தால் அது அங்கேயே செத்துவிடும். சாதாரண ப்ரோக்ராம் என்றால் அது மட்டும் போகும். கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் உட்கருவுக்குள் என்றால் கணினியே விழும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு புதுப்பிப்பால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றது இதே இனம்தான். 21 உள்ளீடுகள் வரும் என்று தரவுக் கோப்பு நம்பியது, கோடு கொடுத்ததோ 20. இல்லாத 21ஆவதைப் படிக்கப் போனது கெர்னல் டிரைவர். ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

இரண்டாவது, சாகாமல் பக்கத்தில் கிடப்பதை எடுத்து வெளியே கொடுத்துவிடுவது. ஹார்ட்ப்ளீட் இந்த வகை. மூன்றாவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை: படித்த குப்பையை வைத்து ப்ரோக்ராம் ஒரு முடிவெடுத்துவிடும். என் கணக்கில் இதுதான் கண்டுபிடிக்க ஆகக் கடினமானது. கிராஷ் இருக்காது, கசிவு இருக்காது, எப்போதாவது ஒரு தப்பான விடை மட்டும் வரும்.

ஹார்ட்ப்ளீட்ல உண்மையில எந்த வரி தப்பு?

தப்பான வரி என்று ஒன்றைச் சுட்ட முடியாது, இருக்க வேண்டிய வரி இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 பதிப்பு 2012 மார்ச்சில் வந்தது. அதில் ஹார்ட்பீட் என்ற வசதி சேர்ந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் சில பைட்டுகளை அனுப்பும், மறுபக்கம் அதையே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியின் அமைப்பு எளிது: வகைக்கு 1 பைட், பேலோட் (திருப்பி அனுப்ப வேண்டிய பைட்டுகள்) நீளத்துக்கு 2 பைட், பிறகு பேலோட், கடைசியில் குறைந்தது 16 பைட் நிரப்பி.

இப்போது இந்த எட்டு பைட்டுகளைப் பாருங்கள்: 18 03 02 00 03 01 40 00. எல்லாம் பதினாறடிமான எண்கள். 18 என்றால் ஹார்ட்பீட். 03 02 என்பது மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.1 பதிப்பு. அடுத்த 00 03, இந்தப் பதிவில் இருப்பது 3 பைட்தான் என்கிறது. அந்த மூன்றும் 01 40 00. 01 என்றால் கோரிக்கை; 40 00 என்றால் ‘என் பேலோட் 16384 பைட்’. பேலோட் ஒரு பைட்கூட வரவில்லை! ஆனால் கோடு அந்த 16384ஐ அப்படியே நம்பியது. அந்த அளவுக்கு மால்லாக் செய்து (மெமரி ஒதுக்கி) பதில் பஃபர் எடுத்தது, பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பிக்கு அதே எண்ணைக் கொடுத்தது, பதிவுக்கு அப்பால் மெமரியில் கிடந்ததையெல்லாம் வாரிப் பதிலில் போட்டு அனுப்பியது. நீளம் 2 பைட் என்பதால் ஒரு தடவைக்கு 64 கேபி வரை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

கவனியுங்கள், எழுதப்படும் பஃபரின் அளவு சரியாகத்தான் இருந்தது. படிக்கப்படும் பக்கத்தைத்தான் யாரும் அளக்கவில்லை.

அப்போ எப்படி சரி பண்ணாங்க?

இரண்டே சோதனைகள். 2014 ஏப்ரல் 7 அன்று வந்த 1.0.1ஜி பதிப்பில் அவை சேர்ந்தன. தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

1 + 2 + 16 > பதிவின் நீளம் என்றால், ஒன்றும் செய்யாமல் திரும்பு.
வகையையும் பேலோட் நீளத்தையும் படி.
1 + 2 + பேலோட் + 16 > பதிவின் நீளம் என்றால், ஒன்றும் செய்யாமல் திரும்பு.

முதல் சோதனை எதற்கு என்று பலருக்குப் புரிவதில்லை. நீளத்தைச் சொல்லும் அந்த 2 பைட்டைப் படிப்பதும் ஒரு படிப்புதானே? பதிவே 1 பைட்தான் என்றால் நீளத்தைப் படிக்கும்போதே எல்லை தாண்டியாகிவிடும். அதனால் தலைப்பகுதி முழுசாக வந்திருக்கிறதா என்பது முதலில், அது சொல்லும் எண் உண்மையா என்பது பிறகு. நிரப்பி இல்லாத செய்தியே செல்லாது என்பதால் அந்த 16ம் கணக்கில் சேர்ந்திருக்கிறது. இந்த வரிசை எந்த ஃபைல் பார்சருக்கும் (கோப்பைப் பகுத்துப் படிக்கும் கோடு), எந்த நெட்வொர்க் கோடுக்கும் பொருந்தும்.

எனக்கு கிராஷே ஆகலையே. அப்போ பிழை இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. இயங்குதளம் மெமரியைப் பக்கம் பக்கமாகத்தான் பாதுகாக்கிறது, பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். மால்லாக் கொடுத்த 40 பைட்டுக்கு அடுத்த பைட்டும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் இருக்கும், தாராளமாகப் படிக்கலாம். வன்பொருளின் பார்வையில் அங்கே தப்பே நடக்கவில்லை.

ஹார்ட்ப்ளீட் இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு, விடுவித்த பஃபர்களைத் தானே ஒரு பட்டியலில் வைத்து மறுபடி பயன்படுத்தும் பழக்கம் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு இருந்தது. வேகத்துக்காகச் செய்தது. ஆனால் சில இயங்குதளங்களின் மால்லாக் தரும் பாதுகாப்பு அதனால் பயனற்றுப் போனது.

எந்த வரியில நடக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அட்ரஸ் சானிடைசர் என்ற பிழைபிடிக்கும் கருவி இருக்கிறது. ஜிசிசி 4.8, க்ளாங் 3.1 கம்பைலர்களிலிருந்து கூடவே வருகிறது. கம்பைல் செய்யும்போது ஒரு தெரிவைச் சேர்த்தால் போதும். உங்கள் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் மெமரி வைத்துக்கொண்டு, எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று குறித்து வைக்கும். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் இருபுறமும் தொடக் கூடாத வேலிப் பகுதியையும் விட்டு வைக்கும். ப்ரோக்ராம் சுமார் இரண்டு மடங்கு மெதுவாகும், சோதனைக்கு அது பரவாயில்லை. முகவரி எண்களைக் கோட்டின் வரிகளாகக் காட்ட டீபக் தகவலோடு கம்பைல் செய்ய மறக்காதீர்கள்.

மறு கம்பைல் செய்ய முடியாத இடத்தில் வால்கிரைண்ட் என்ற கருவி. அது 20, 30 மடங்கு மெதுவாக ஓடும். ஹீப்பில் (மால்லாக் ஒதுக்கும் மெமரி) உள்ளதைப் பிடிக்கும், ஸ்டேக்கில் (ஃபங்ஷனின் உள்மாறிகள் இருக்கும் மெமரி) உள்ள அரேக்களின் எல்லையை அதனால் பார்க்க முடியாது.

நான் படிக்கத்தான் செய்யறேன், அது ஏன் ‘ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ’ன்னு திட்டுது?

சானிடைசர் இரண்டுக்கும் அதே தலைப்பைத்தான் போடும். அடுத்த வரியைப் பாருங்கள்: ‘ரீட் ஆஃப் சைஸ் 1’ என்றிருந்தால் படிப்பு, ‘ரைட்’ என்றிருந்தால் எழுத்து. அதற்குக் கீழே மூன்று விஷயங்கள் இருக்கும்: எங்கே படித்தது, அந்த முகவரி எந்த ஒதுக்கீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதை ஒதுக்கியது யார்.

‘40 பைட் பகுதிக்கு 0 பைட் தள்ளி’ என்று வந்தால் படிப்பு அந்தப் பகுதி முடிந்த இடத்திலேயே தொடங்கியிருக்கிறது. ஒன்றிரண்டு பைட் படிப்பு என்றால் முக்கால்வாசி நேரம் < போட வேண்டிய இடத்தில் <= போட்டிருப்பீர்கள், அல்லது எழுத்துச் சரத்தின் முடிவைக் குறிக்கும் கடைசி 0 பைட்டுக்கு இடம் விட்டிருக்க மாட்டீர்கள். ஆயிரக்கணக்கில் தள்ளி இருந்தால் எங்கிருந்தோ வந்த நீளத்தை நம்பியிருக்கிறீர்கள்.

சரி, அது காட்டுற வரிக்கு மேல ஒரு இஃப் போட்டா போதுமா?

பெரும்பாலும் போதாது. காட்டுவது பிழை வெளியே தெரிந்த இடம், தப்பு நுழைந்த இடம் வேறு. ஹார்ட்ப்ளீடில் சானிடைசர் சுட்டுவது மெம்காப்பியை. அந்த இடத்தில் நின்று பார்த்தால் உங்களிடம் இருப்பது ஒரு பாயின்டரும் ஒரு எண்ணும்தான். அந்த எண் பொய்யா என்று அங்கே தெரியாது.

நான் பேட்ச் (திருத்தக் கோடு) பார்க்கும்போது முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த நீளத்தைச் சொன்னது யார்? நாமே அளந்ததா, எதிராளி சொன்னதா? எதிராளி சொன்னது என்றால், உண்மையில் வந்த அளவு நமக்கு எங்கே தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போய், இரண்டையும் அங்கே ஒப்பிட வேண்டும். அந்த இடத்துக்கு உண்மையான அளவு வந்து சேரவே இல்லை என்றால் ஃபங்ஷனுக்கு இன்னொரு ஆர்கியுமென்ட் சேர்க்க வேண்டியிருக்கும். பேட்ச் பெரிதாகும், பத்து இடத்தில் மாற்றம் வரும். இருந்தாலும் அதுதான் திருத்தம்.

பஃபரை கொஞ்சம் பெரிசா ஒதுக்கிட்டா பிரச்சினை போயிடுமே?

சானிடைசர் வாயை மூடிக்கொள்ளும், பிழை அங்கேயே இருக்கும். எதிராளி சொல்லும் எண்ணுக்கு நீங்கள் எவ்வளவு என்று இடம் ஒதுக்குவீர்கள்? கால்லாக் போட்டு எல்லாவற்றையும் 0 ஆக்கினால் கசிவு குறையலாம். அதைத் திருத்தம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஸ்ட்ர்என்காப்பிதான் பாதுகாப்பானதுன்னு சொன்னாங்க. அதைப் போட்டும் பின்னாடி குப்பை வருது.

ஸ்ட்ர்என்காப்பி, சொன்ன அளவுக்குள் எழுத்துகளை நகலெடுக்கும் ஃபங்ஷன். 8 இடம் உள்ள அரேக்கு 8 எழுத்துள்ள பெயரை அப்படிச் செய்தால் 8ம் நிரம்பிவிடும், முடிவைக் குறிக்கும் 0 பைட்டை அது போடாது. எழுதுவதில் எல்லை தாண்டவில்லை. அப்புறம் அதை ப்ரின்ட்எஃப் கொண்டு அச்சிடும்போது 0 கிடைக்கும் வரை படித்துக்கொண்டே போகும், அதுதான் அந்தக் குப்பை. எஸ்என்ப்ரின்ட்எஃப் பயன்படுத்துங்கள், அல்லது கடைசி இடத்தில் நீங்களே 0 வையுங்கள்.

நெட்வொர்க்கிலிருந்து வந்த பைட்டுகளில் நேராக, 0 வரை எண்ணி நீளம் சொல்லும் ஸ்ட்ர்லென் போடுவதும் இதே கதைதான். அங்கே 0 இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? மெம்சிஎச்ஆர் கொண்டு, வந்த அளவுக்குள் 0 இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

செக் போட்டிருக்கேன், இருந்தும் தாண்டுது. எப்படி?

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது கூட்டல் வழிதல். ‘ஆஃப்செட் + நீளம் > மொத்தம் என்றால் நிராகரி’ என்று எழுதியிருப்பீர்கள். எல்லாம் 32 பிட் அன்சைன்டு (குறியில்லா எண்) என்று வையுங்கள். ஆஃப்செட் 8, நீளம் 4294967290. கூட்டினால் 4294967298 வர வேண்டும், 32 பிட்டில் அது சுற்றிவந்து 2 ஆகிவிடும். மொத்தம் 100 என்றால் 2 அதைவிடச் சின்னது, சோதனை தாண்டிவிட்டது! கூட்டாமல் கழியுங்கள்: ஆஃப்செட் மொத்தத்தைவிடப் பெரிதா என்று முதலில் பாருங்கள், பிறகு ‘நீளம் > மொத்தம் - ஆஃப்செட்’ என்று பாருங்கள். ஹார்ட்ப்ளீட் திருத்தத்தில் கூட்டல்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே பேலோட் 65535ஐத் தாண்ட முடியாது, அதனால் வழியாது.

இரண்டாவது, எண்ணின் கூட்டல்-கழித்தல் குறி. நீளத்தை வெறும் இன்ட்டில் வைத்து, ‘100ஐவிடப் பெரிதா’ என்று மட்டும் பார்த்தால் -1 நிம்மதியாக உள்ளே போகும். மெம்காப்பியிடம் போகும்போது அது சைஸ்_டி என்ற குறியில்லா வகையாக மாறி, 64 பிட்டில் 18446744073709551615 ஆகிவிடும்.

தமிழ் உரையைக் கையாளுகிறவர்கள் இதில் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ‘அ’ என்ற எழுத்து யூடிஎஃப்-8இல் மூன்று பைட்: 224, 174, 133. இன்டெல் கணினிகளில் வெறும் கேர் வகை குறியுள்ளது என்பதால் அவை -32, -82, -123 ஆகத் தெரியும். 256 இடம் உள்ள அட்டவணையில் அந்த எண்ணை இன்டெக்ஸாகக் கொடுத்தால் அரேக்கு முன்னால் போய்ப் படிக்கும். ஆங்கிலத்தில் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது. அன்சைன்டு கேராக மாற்றிக் கொடுங்கள். இஸ்ஆல்ஃபா போன்ற நூலக ஃபங்ஷன்களுக்கும் அதே விதிதான்.

வைல் லூப்ல ரெண்டு நிபந்தனையும் இருக்கு, அதுலயும் திட்டு வாங்கறேன்.

வரிசையை மாற்றிப் பாருங்கள். ‘எழுத்து 0 இல்லை, மேலும் இன்டெக்ஸ் < நீளம்’ என்று எழுதினால் முதலில் படித்துவிட்டுத்தான் எல்லையைப் பார்க்கும். எல்லைச் சோதனை இடப்பக்கம் வர வேண்டும்.

அந்தக் கடைசி மதிப்பை எடுத்துட்டு நான் பயன்படுத்தவே இல்லை. அதுவும் தப்பா?

தப்புதான், அதற்கு நல்ல சாட்சியும் இருக்கிறது. எஸ்பிஇசி 2006 அளவீட்டுத் தொகுப்பில் எச்264ரெஃப் என்ற ப்ரோக்ராமில் 16 இடம் உள்ள அரே மேல் ஒரு லூப். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அடுத்த இடத்தைப் படித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் ‘16ஐவிடச் சின்னதா’ என்று பார்க்கும். கடைசிச் சுற்றில் இல்லாத இடத்தைப் படிக்கும், அந்த மதிப்பை யாரும் தொட மாட்டார்கள். வருஷக்கணக்கில் ஓடியது.

ஜிசிசி 4.8 உருவாகிக்கொண்டிருந்தபோது அது முடிவில்லா லூப் ஆனது. கம்பைலரின் தர்க்கம் இது: அரேயைப் படிக்கிறார்கள், எல்லை தாண்டுவது சி மொழியில் வரையறுக்கப்படாத நடத்தை, அதனால் இன்டெக்ஸ் 15ஐத் தாண்டியிருக்காது, அதனால் ‘< 16’ எப்போதும் உண்மை. எப்போதும் உண்மையான சோதனை எதற்கு? தூக்கிவிட்டது.

சானிடைசர் ஒண்ணும் சொல்லலை. இனி நிம்மதியா இருக்கலாமா?

அது ஓடிய பாதையைத்தான் பார்க்கும். பொய்யான நீளத்தை யாரும் அனுப்பாதவரை ஹார்ட்ப்ளீட் கோடும் ஒழுங்காகத்தான் ஓடும். அதனால்தான் ஃபஸ்ஸிங் (தாறுமாறான உள்ளீடுகளைத் தானாகக் கொடுத்துச் சோதிப்பது) கூடவே வேண்டும். 2015இல் ஹன்னோ பொயெக், ஏஎஃப்எல் ஃபஸ்ஸரையும் சானிடைசரையும் சேர்த்து ஓடவிட்டு, ஹார்ட்ப்ளீடைச் சில மணி நேரத்தில் பிடிக்க முடியும் என்று காட்டினார்.

இன்னொரு குருட்டு இடமும் உண்டு. நம் 3 பைட் பதிவு வந்து உட்கார்ந்த பஃபரே ஏறக்குறைய 17 கேபி. நீளம் 1000 என்று பொய் சொன்னால் படிப்பு அந்தப் பஃபருக்குள்ளேயே முடிந்துவிடும், சானிடைசருக்கு அது செல்லும் மெமரி. ஆனால் அங்கே கிடப்பது முந்தைய செய்தியின் மிச்சம்! 20000 என்று சொன்னால்தான் கத்தும். ஒரு ஸ்ட்ரக்டுக்குள் ஒரு உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு வழிந்தாலும் இதே நிலைதான். சோதனையில் ஒவ்வொரு செய்தியையும் அதன் அளவுக்கே மால்லாக் செய்த புதுப் பஃபருக்கு மாற்றிக் கொடுங்கள், அப்போது ஒரு பைட் தாண்டினாலும் மாட்டிக்கொள்ளும்.

ஃபோர்ட்டிஃபை, ஸ்டேக் கேனரி எல்லாம் ஆன்ல இருக்கே?

இருக்கட்டும், நல்லதுதான். கேனரி என்பது ஸ்டேக்கில் காவலுக்கு வைக்கும் ஒரு மதிப்பு; அதன் மேல் எழுதினால்தான் உடையும், படித்தால் உடையாது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் ஃபோர்ட்டிஃபை சோதனை, மெம்காப்பியில் சேரும் இடத்தின் அளவைத்தான் பார்க்கும். எடுக்கும் இடத்தை அல்ல. முகவரிகளைக் கலைத்துப் போடும் பாதுகாப்போ, கசிந்த பைட்டுகளில் ஒரு பாயின்டர் இருந்தால் அதனாலேயே உடையும்.

நீளம் தப்புன்னு தெரிஞ்சதும் என்ன செய்யறது? வந்த அளவுக்குக் குறைச்சு வச்சுக்கலாமா?

குறைத்துக்கொள்வது நல்ல மனசுபோலத் தெரியும், ஆனால் எதிராளி சொன்னதும் நீங்கள் புரிந்துகொண்டதும் வேறாகிவிடும். அடுத்த செய்தி எங்கே தொடங்குகிறது என்பதே குழம்பும். நெறிமுறை என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். ஹார்ட்பீட்டுக்கான நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 6520, நீளம் பெரிதாக இருந்தால் சத்தமில்லாமல் தூக்கிப்போடு என்று 2012இலேயே எழுதி வைத்திருந்தது. ஃபைல் பார்சர் என்றால் பிழையைத் திருப்பி அனுப்பி நிறுத்துங்கள். அஸர்ட் (நிபந்தனை பொய்யானால் ப்ரோக்ராமை நிறுத்தும் சோதனை) மட்டும் போட்டு விடாதீர்கள், வெளியிடும் பதிப்பான ரிலீஸ் பில்டில் அது பெரும்பாலும் காணாமல் போகும்.

பேட்ச் போட்டாச்சு. வேலை முடிஞ்சதா?

கோடு வேலை முடிந்தது. கசிவு வகை என்றால், ஏற்கெனவே போனது போனதுதான். ஹார்ட்ப்ளீடில் தனிச்சாவிகளே போயிருக்கலாம் என்பதால் புதுச் சாவி உருவாக்கி, பழைய சான்றிதழை ரத்து செய்து, பிறகு கடவுச்சொற்களை மாற்ற வேண்டியிருந்தது. வரிசை முக்கியம்: பேட்ச் போடும் முன்பு கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் கசியும். கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து அந்தச் சில நாள்களுக்குள் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் எடுக்கப்பட்டிருந்தன.

ரஸ்ட்ல எழுதியிருந்தா இதெல்லாம் வந்திருக்காதுல்ல?

பெரும்பகுதி வந்திருக்காது. எல்லை தாண்டும் படிப்பு ரஸ்ட் மொழியில் பானிக் ஆகி, அதாவது பிழை சொல்லி, நின்றுவிடும். ஆனால் 17 கேபி பஃபரை மறுபடி மறுபடி பயன்படுத்தி, அதற்குள்ளேயே நீளத்தை நம்பினால், மேலே சொன்ன மிச்சம் ரஸ்டிலும் கசியும். எல்லைக்குள்தானே படிக்கிறது!

ஒரு இடத்துல சரி பண்ணிட்டேன். இதே மாதிரி வேற எங்கெல்லாம் இருக்கும்?

முதலில் காப்பி அடித்த இடங்கள். ஹார்ட்பீட் கோடு டிஎல்எஸ்ஸுக்கு ஒன்று, அதன் டேட்டாகிராம் வடிவமான டிடிஎல்எஸ்ஸுக்கு ஒன்று என இரண்டு ஃபைல்களில் ஏறக்குறைய அப்படியே இருந்தது, இரண்டையும் திருத்த வேண்டியிருந்தது. அடுத்து, வெளியிலிருந்து 2 அல்லது 4 பைட் எண்ணைப் படிக்கும் மேக்ரோ எதுவோ, அதன் பெயரைத் தேடுங்கள். வந்து விழும் ஒவ்வொரு இடத்திலும் அந்த எண் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள்: மெம்காப்பியின் நீளமாகவா, லூப்பின் முடிவாகவா, அரேயின் இன்டெக்ஸாகவா. மெம்காப்பியைத் தேடுவதைவிட இது வேகமாகப் பலன் தரும். மெம்காப்பி இல்லாமல் கையால் எழுதிய லூப்பில்தான் மிச்சப் பிழைகள் ஒளிந்திருக்கும்.